பரி நலம் பேணிய சரபோஜி மன்னர்

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, வங்கக் கடலின் ஓரத்தில் அமைந்தது வேளாங்கண்ணி. கிழக்கே மணற்பரப்பும் அலைகடலும் விளங்கும். மேற்கே கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை காவிரியின் கிளையாறுகள் பாய்ந்து வளம்படுத்தும் நெல் வயல்கள் பரந்து கிடக்கும். இவ்வூருக்கு வடக்கே, காவிரி கடலோடு கலக்கும் இடத்தில், பண்டைச் சோழரின் புகார் நகரம் இருந்தது. தெற்கே வேதாரணியமும் கோடியக்கரையும் உள்ளன. இக்கடற்கரைக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. கடல் வழியாக வந்த குதிரைகள் புகாரில் இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை என்னும் சங்க நூல் கூறுகின்றது. நெல்லும் கரும்பும் வாழையும் செழித்த நாட்டில் குதிரை மட்டும் செழிக்கவில்லை. ஆதலால் தமிழ் வேந்தர்கள் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் அவற்றை மரக்கலங்களில் வருவித்தனர். பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்குவதற்காக மாணிக்கவாசகர் கடற்கரையை நோக்கிச் சென்ற வரலாற்றை அறியாதார் இலர்.

இவ்வாறு பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் நெடுநாள் வாழ்ந்தனவா? இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து வணிகர் இதனைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டன என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சின என்றும் அவர் குறிக்கின்றார். குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியையும் சமைத்து ஊட்டினராம். குதிரையின் நோய் அறிந்த மருத்துவர் இந்நாட்டில் இலராம். குதிரை விற்ற வணிகர்களோ, அத்தகைய மருத்துவர் எவரும் இங்கு வந்து சேராதபடி பார்த்துக்கொண்டனராம். குதிரைகள் மாண்டால்தானே மறு ஆண்டும் விற்பனை நடைபெறும்! அயலார் ஒருவர் எழுதிய குறிப்பில் மிகையும் கலந்திருத்தல் கூடும். எனினும், பேணும் முறை அறியாமல் பல்லாயிரம் உயிர்கள் வீணாயின என்பதை மறுப்பதற்கில்லை. ஊர்ப்புறத்தில் ஐயனாருக்கு வானளாவ மண் குதிரை செய்து நிறுத்தும் கைவன்மை நம் குயவரிடம் இருந்தது. உயிருள்ள குதிரையின் வயிற்று நோவை ஆற்றும் அறிவு நாட்டில் அரிதாக இருந்தது.

17ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் தஞ்சை மராட்டியர் ஆட்சிக்கு உட்பட்டது. மராட்டியர் குதிரை மீதேறிப் போர் புரிந்து பெயர் பெற்றவர்கள். வறண்ட தக்காணத்துக் கற்பாங்கான நிலத்தில் ஓடிப் பழகிய அவர்களுடைய குதிரைகள், ஆண்டின் பெரும்பகுதி நீர் தேங்கி நிற்கும் நன்செய் நாட்டில் வந்து கட்டப்பட்டன. தஞ்சை நாட்டு உழவனுக்குக் குதிரை என்றாலே அச்சந்தான். 1781ஆம் ஆண்டில் ஐதர் அலியின் குதிரைப்படை இந்நாட்டினுள் புகுந்து, ஊர்களையும் விளைநிலங்களையும் பாழாக்கியது. மக்கள் பஞ்சத்தால் வருந்தினர்.

அந்தப் பேரழிவு நிகழ்ந்தபோது நான்கு வயதுக் குழந்தையாக இருந்தவரே பின்னாளில் சரபோஜி மன்னர் எனப் புகழ் பெற்றார். அவர் 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் போன்சலே குலத்தில் பிறந்தார். தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் தமக்குப் பின் அரசாள மைந்தர் இன்மையால், 1787ஆம் ஆண்டில் சரபோஜியைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். செருமானிய நாட்டிலிருந்து வந்து தஞ்சையில் சமயப்பணி புரிந்த சுவார்ட்சு பாதிரியாரிடம் சிறுவனைப் பாதுகாக்கும் பொறுப்பினையும் அளித்தார். அவ்வாண்டிலேயே துளஜா மறைந்தார்.

அவருடைய உடன்பிறந்தார் முறையினரான அமர்சிங்கு அரியணை ஏறினார். மகன்மை கொண்ட முறை செல்லாது என்று கூறப்பட்டது. சரபோஜி அரண்மனையில் அடைபட்டார். கதிரவன் ஒளியும் காணாத இருள் அறையில், கல்வியின்றிப் பல திங்கள் அவர் கிடந்தார் என்பது சுவார்ட்சு பாதிரியார் எழுதிய கடிதங்களால் தெரிய வருகின்றது. பாதிரியாரின் இடைவிடாத முயற்சியால் 1793ஆம் ஆண்டில் சிறுவர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கு பாதிரியாரின் மேற்பார்வையில் ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றார். காற்றும் ஒளியும் இல்லாத கொட்டிலில் கட்டுண்ட உயிர் எவ்வாறு நலியும் என்பதை அவருக்கு வேறு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1798ஆம் ஆண்டில் கும்பினியார் மகன்மை பற்றிய வழக்கினை மீண்டும் ஆராய்ந்து, சரபோஜிக்கே அரசுரிமை உண்டெனத் தீர்த்தனர். அவர் முடி சூடியபோது அவரை வளர்த்த சுவார்ட்சு உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் அவர் இறந்துவிட்டார். தம் ஆசானுக்கு மன்னர் இலண்டனிலிருந்து வருவித்து அமைத்த சலவைக்கல் சிற்பம் தஞ்சைத் தேவாலயத்தில் உள்ளது.

முடி சூடிய மறு ஆண்டே, 1799இல், ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி நாட்டின் ஆட்சியும் வரி தண்டும் உரிமையும் படையும் கும்பினியாரின் கைக்குச் சென்றன. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் ஒரு தொகையும், வருவாயில் ஒரு பங்கும் எஞ்சின. இருபத்திரண்டு வயதில் அவர் நாடில்லாத மன்னரானார். போருக்குச் செல்லும் உரிமையே இல்லாத மன்னருக்குப் போர்க்குதிரை எதற்கு? ஊர்வலத்தில் அணி செய்து நிறுத்துவதற்கு மட்டுமே அது பயன்பட்டிருக்கும். வேறொரு மன்னராயின் அவ்வளவில் நின்றிருப்பார். சரபோஜி மன்னர் தம்மிடம் எஞ்சிய பொருளையும் பொழுதையும் அறிவைத் தேடுவதிலே செலவிட்டார். அத்தேட்டத்தில் மக்களின் மருத்துவத்தோடு விலங்குகளின் மருத்துவமும் இடம் பெற்றது.

நாயக்க மன்னர் காலம் முதல் அரண்மனையில் இருந்த சுவடிச்சாலையே இன்று சரசுவதி மகால் நூலகம் எனப்படுகின்றது. அதனைப் பேரளவில் வளர்த்த பெருமை சரபோஜிக்கே உரியது. வடமொழி, தமிழ், தெலுங்கு, மராட்டிச் சுவடிகளை அவர் பல ஊர்களிலிருந்தும் திரட்டினார். கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் முதலிய மொழிகளில் அச்சான நூல்கள் நான்காயிரத்துக்கு மேல் சேர்த்தார். தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தையும் நிறுவினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேனாட்டு மருத்துவம் ஆகிய நான்கு முறைகளிலும் வல்லார் அங்கே ஒருங்கிருந்து ஆய்ந்தனர். நோயாளரின் நிலையும் கொடுத்த மருந்தும் கண்ட பயனும் ஏட்டில் எழுதப்பட்டன. கண்நோய் உற்றோரின் குறிப்புகள் கண்ணின் படங்களோடு இன்றும் உள்ளன. மூலிகைகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. அவ்வாராய்ச்சிகள் 18 தொகுதிகளாக அமைந்தன. மக்களுக்கு மட்டுமின்றி விலங்குகளுக்கும் அங்கு மருந்துகள் செய்யப்பட்டன என்பதே இங்கு நாம் கருதத் தக்கது. அரண்மனையில் விலங்குக் காட்சிச்சாலை ஒன்றும் இருந்தது.

பரி மருத்துவம் பாரத நாட்டில் தொன்மையானது. சாலிகோத்திரர் என்னும் முனிவரை அதன் முதல் ஆசிரியராகக் கூறுவர். பாண்டவருள் நான்காமவரான நகுலர் குதிரை நூலில் தேர்ந்தவர். மறைந்து வாழ்ந்த ஓராண்டில் விராட மன்னனின் குதிரைப் பந்தியைக் காக்கும் பணியையே அவர் மேற்கொண்டார். அவர் இயற்றியதாக வழங்கும் அசுவ சாத்திரம் என்னும் வடமொழி நூலின் ஓவியங்கள் நிறைந்த சுவடி சரசுவதி மகாலில் காக்கப்பட்டு வருகின்றது. குதிரையின் நிறங்கள், உறுப்புகளின் அளவு, குரல், நடை, பருவந்தோறும் அளிக்க வேண்டிய உணவு, நோய்க்கு மருந்து ஆகியவற்றை இத்தகைய நூல்கள் விரித்துரைக்கும். பல்லின் தேய்வையும் நிறத்தையும் நோக்கி வயதை அறியும் முறையும் இவற்றில் உண்டு. குதிரைக்கு ஐந்தாம் வயதில் நிலைப்பற்கள் யாவும் முளைத்து முடியும். பின்னர் அவை தேயத் தேய, அவற்றின் மேற்பரப்பின் வடிவம் மாறும். இதனை அறியாதார் முதிர்ந்த குதிரையை இளங்குதிரை என எண்ணிப் பொருளை இழப்பர். முதிர்ந்த அவ்வுயிரின் மீது இளங்குதிரைக்குரிய சுமையையும் ஏற்றுவர்.

இந்நூல்களில் சுழி பார்த்தல் பற்றிய பகுதியும் உண்டு. நெற்றியில் இருக்கும் சுழி செல்வம் தரும், வேறோர் இடத்துச் சுழி கேடு தரும் என்பன போன்ற நம்பிக்கைகள் அவை. மயிர் வளரும் போக்கினால் அமைவதே சுழி. உடையவனுடைய ஆக்கத்துக்கும் அழிவுக்கும் அஃது ஏதுவாகாது. சுழி சரியில்லை என்று நல்ல குதிரைகளை ஒதுக்கி வருத்திய கொடுமையும் நாட்டில் இருந்தது. மருந்தும் உணவும் கூறும் பகுதிகளை இதனோடு சேர்த்துத் தள்ளிவிடுதலும் பொருந்தாது.

மேனாட்டிலும் விலங்கு மருத்துவம் தனிக் கலையாக எழுந்த காலம் அதுவே. 1762ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியது. இலண்டனில் அத்தகைய கல்லூரி 1791இல் எழுந்தபோது சரபோஜி பதினான்கு வயதுச் சிறுவர். அதற்கு முன்னர் அந்நாடுகளிலும் இலாடம் அடிக்கும் கொல்லரே குதிரைக்கு மருத்துவராகவும் இருந்தனர். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது 1903ஆம் ஆண்டில்தான். இவற்றை எண்ணிப் பார்த்தால், விலங்குக்கும் மருந்து செய்த தன்வந்திரி மகாலின் அருமை விளங்கும்.

காவிரி நாட்டில் குதிரை வளர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் எவை? முதலாவது குளம்பு. குளம்பு என்பது நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது, நாள்தோறும் வளர்வது. உலர்ந்த தரையில் அது உறுதியாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறும் சாணமும் கலந்த தரையில் இரவும் பகலும் நின்றால், அஃது ஊறி மென்மையாகி, அடிப்பாகம் அழுகித் தீ நாற்றம் வீசும். முதலில் குதிரை தயங்கி அடி வைக்கும், பின்னர் நொண்டும், இறுதியில் நிற்கவும் இயலாது. கால் பழுதான குதிரைக்கு உயிரும் பாரமே. ஆதலால் நாள்தோறும் நான்கு கால்களையும் தூக்கிக் குளம்பின் அடியில் சிக்கிய சேற்றையும் கல்லையும் நீக்குதல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் செதுக்கி, இலாடத்தைக் கழற்றி அடித்தல் வேண்டும். இலாயத்தின் தரை மேடாகவும், சிறுநீர் வடிந்து ஓடும்படி சற்றே சரிவாகவும், மேலே வைக்கோல் பரப்பியதாகவும் இருத்தல் நன்று.

இரண்டாவது உணவு. குதிரையின் உடல் பெரிது, இரைப்பையோ சிறிது. இயற்கையில் அது பகல் முழுவதும் சிறிது சிறிதாக மேயும். மேலும், தின்றதை வாந்தியாக வெளியேற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. கெட்ட தீனியோ மிகுந்த தீனியோ உள்ளே சென்றுவிட்டால், வயிறு உப்பி நோவு உண்டாகும். அது தரையில் விழுந்து புரளும். சில நாழிகைக்குள் இறந்தும் போகும். பண்டை நாளில் சோறூட்டப்பட்ட குதிரைகள் மாண்டதன் காரணம் இப்பொழுது விளங்கும். நெல் விளையும் நாட்டில் சோறு எளிதில் கிடைத்தது. குதிரைக்கு வேண்டியதோ புல். அறுகம்புல் அதற்கு உகந்தது. கொள்ளினை ஊறவைத்தோ வேகவைத்தோ அளவோடு கொடுத்தல் நம் நாட்டு வழக்கம். தீனியை மாற்ற நேர்ந்தால் ஒரே நாளில் மாற்றாது, பல நாளில் சிறிது சிறிதாக மாற்றுதல் வேண்டும். நாள் ஒன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குதிரை நீர் பருகும். வெயில் மிகுந்த காலத்தில் வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், நக்குவதற்கு உப்புக்கட்டி வைத்தலும் நன்று.

மூன்றாவது ஈ. மழைக்காலத்தில் கடிக்கும் ஈக்கள் பெருகும். அவற்றால் பரவும் நோய்களுள் கொடியது சுர்ரா என்பது. குதிரை விட்டு விட்டுக் காய்ச்சல் கண்டு, இரத்தம் குன்றி, உடல் மெலிந்து, கால் வீங்கி இறக்கும். இரத்தத்தில் வாழும் நுண்ணுயிர் ஒன்றே இதற்குக் காரணம் என்பதை 1880ஆம் ஆண்டில் கிரிபித்து எவான்சு என்னும் ஆங்கிலேயப் படையின் கால்நடை மருத்துவர் பஞ்சாபில் கண்டறிந்தார். சரபோஜி மன்னரின் காலத்தில் இதனை அறிந்தவர் உலகில் எங்கும் இலர். அக்காலத்தார் செய்யக் கூடியது இலாயத்தைத் துப்புரவாக வைத்து, வேப்பிலைப் புகை இட்டு, குரப்பம் என்னும் பற்களுள்ள சீப்பினால் உடலை நாள்தோறும் தேய்த்துத் தூய்மை செய்வதே. நோயின் வேர் தெரியாத காலத்திலும் தூய்மை சில உயிர்களைக் காத்திருக்கும்.

இந்நிலத்தில் குதிரையே வாழாது என்று எண்ணிவிடுதலும் தவறு. வேளாங்கண்ணிக்குத் தெற்கே கோடியக்கரைக் காட்டில், மனிதரிடமிருந்து விலகிக் காட்டு விலங்காகிவிட்ட மட்டக் குதிரைகள் இன்றும் மேய்ந்து திரிகின்றன. அங்கே தரை மணற்பாங்கானது. மேய்ச்சல் வெளி பரந்தது. குதிரைகளும் உருவில் சிறியன.

1820ஆம் ஆண்டில் மன்னர் காசிக்கு யாத்திரை புறப்பட்டார். மூவாயிரம் பேர் வரை உடன் சென்றனர். இருப்புப்பாதை தோன்றாத காலம் அது. ஆயிரம் கல்லுக்கு மேற்பட்ட வழியை ஆறுகள் கடந்தும் காடுகள் கடந்தும் மாதக்கணக்கில் செல்ல வேண்டியிருந்தது. அத்தகைய செலவில் ஊருக்கு ஊர் நீரும் புல்லும் மாறும். சேணம் உராய்ந்து முதுகில் புண் உண்டாகும். புண்பட்ட முதுகில் மீண்டும் சேணம் ஏற்றினால் குதிரை பாழாகும். விலங்குகளின் நலத்தைப் பொறுத்தே மனிதரின் பயணமும் அமையும். மன்னர் காசி கண்டு, வழி நெடுக அறம் பல செய்து, தஞ்சைக்குத் திரும்பினார். காசி நகரின் படித்துறைகளைக் காட்டும் ஓவியங்களும் அவருடைய தொகுப்பில் உள்ளன.

1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவின் அத்தியட்சரான ஈபர் என்பார் தஞ்சைக்கு வந்தார். அவர் ஆங்கிலக் கவிஞர். உலகம் சுற்றி அறிந்தவர். சரபோஜி மன்னரைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு வியப்பூட்டுவது. ஐரோப்பிய அறிஞர்களான இலவாசியர், இலினேயசு, புபோன் ஆகியோரின் நூல்களை மன்னர் தடையின்றி எடுத்துரைத்தார் என்றும், சேக்சுபியரின் கவிதையை நன்கு மதிப்பிட்டார் என்றும் அவர் எழுதினார். அத்தோடு நில்லாமல், அருகில் இருந்த ஆங்கிலப் படைத்தலைவர்கள் மன்னரைக் குதிரையின் தரம் அறிவதில் தேர்ந்தவர் என மதித்ததையும் குறித்துள்ளார். அப்படைத்தலைவர்களோ குதிரை மீதே வாழ்ந்தவர்கள். முகமனுக்காக இதனைக் கூறவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. படையெல்லாம் தம்மிடமிருந்து நீங்கி இருபத்தேழு ஆண்டுகள் சென்ற பின்னரும் மன்னர் குதிரையை மறக்கவில்லை என்பது இதனால் புலப்படும். அக்குறிப்பை எழுதிய ஈபர் சில நாட்களுக்குள், ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் இறந்தார்.

சரபோஜி மன்னர் 1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் மறைந்தார். அவருடைய மைந்தர் சிவாஜி ஆண் வழித்தோன்றல் இன்றி 1855இல் இறக்கவே, கும்பினியார் தஞ்சையைத் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டனர். அரண்மனைச் செல்வங்களைக் கைப்பற்றினர். அரசியார் தொடுத்த வழக்கு இலண்டன் வரை சென்றது. யானையும் குதிரையும் அணிகலனும் காலப்போக்கில் சிதறிப்போயின. சுவடிகள் நின்றன. 1918ஆம் ஆண்டில் சரசுவதி மகால் பொதுமக்களுக்கு உரிய நூலகமாயிற்று. அசுவ சாத்திரம் 1952ஆம் ஆண்டில் வண்ணப் படங்களோடு அந்நூலகத்தின் வெளியீடாக அச்சில் வந்தது.

மன்னர் தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக 1802ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் ஒரு சத்திரம் கட்டினார். அவர் காலத்துச் சத்திரங்களில் வழிச்செல்வோர்க்கு உணவும், நோயுற்றோர்க்கு மருந்தும், சிறுவர்க்குக் கல்வியும் வழங்கப்பட்டன. அந்த ஒரத்தநாட்டிலேயே 2012ஆம் ஆண்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. காவிரி நாட்டின் ஆடும் மாடும் குதிரையும் நோயுற்றால் ஆற்றுவதற்குரிய கலையை மாணவர்கள் இப்பொழுது அங்கே பயின்று வருகின்றனர்.